தாமரைச்செல்வியின் பெயரில் ஓர் இணைப்பு

டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டனை அடுத்த கேட்டியில் உள்ள அந்த வீட்டுக்கு மின்சாரம் சேனாபதியின் பெயரில் வருகிறது. தண்ணீரும் அவர் பெயரில்தான். இணையம் மட்டும் அவருடைய மனைவி தாமரைச்செல்வியின் பெயரில் வருகிறது. அதற்குக் காரணம் ஓட்டுநர் உரிமம். 2013 மார்ச்சில் அவர்கள் வீடு வாங்கிக் குடிவந்தபோது, உரிமத்தைப் புதுப்பிக்க முகவரிக்கு இரண்டு சான்றுகள் வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். கூட்டு வங்கிக் கணக்கின் தாள் ஒன்று இருந்தது. இரண்டாவது சான்றுக்காக, புதிதாக வாங்கவிருந்த இணைய இணைப்பை மனைவியின் பெயரில் பதிவு செய்தார் சேனாபதி. கணவரைச் சார்ந்த விசாவில் வந்த பெண்கள் இருக்கும் தமிழ் வீடுகளில் இப்படி ஏதாவது ஒரு பில்லை மனைவியின் பெயருக்கு மாற்றிவைப்பது வழக்கம். அமெரிக்காவில் தாமரைச்செல்வியின் பெயர் மட்டும் தனியாக அச்சாகி வந்த முதல் தாள் அந்த இணைய பில்தான்.

அவருக்குச் சொந்த ஊர் பெருந்துறை. விலங்கியலில் பட்டம் பெற்று, ஈரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். 2004 ஜனவரியில் திருமணமாகி ஹூஸ்டனுக்கு வந்தார். விசா அனுமதிக்காததால் பதினோரு ஆண்டுகள் வேலைக்குப் போக முடியவில்லை. 2015இல் விதி மாறி, கிரீன் கார்டுக்காகக் காத்திருப்பவர்களின் மனைவியருக்கு அனுமதி கிடைத்தது. மறுஆண்டு நாற்பது மணிநேர மருத்துவ மொழிபெயர்ப்புப் பயிற்சியை முடித்துத் தேர்வும் எழுதினார். 2017 முதல் காணொளி வழியாக மருத்துவமனைகளில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே பேசுவது அவர் தொழில். பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்த இடத்தில் நோய்வாய்ப்படும் பெற்றோர்தான் பெரும்பாலும் திரையின் மறுபக்கத்தில் இருப்பார்கள். வாரத்தில் ஐந்து நாட்கள், நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு அழைப்புகள்.

அவருடைய அலுவலகம் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சிறிய அறை. முன்பு அதில் சூட்கேஸ்களும் அரிசி மூட்டைகளும் இருந்தன. நோயாளியின் பேச்சு வெளியே கேட்கக் கூடாது என்பதால், கதவைச் சாத்தினால் பூட்டிக்கொள்ளும் அறை ஒன்று வேண்டும் என்பது அவர் நிறுவனத்தின் விதி. இணையம் கம்பி வழியாகத்தான் வர வேண்டும். வைஃபை கூடாது, கைபேசி இணைப்பும் கூடாது என்பது இன்னொரு விதி. மூன்று மாத காலத்துக்குள் மூன்று அழைப்புகள் மொழிபெயர்ப்பாளரின் பக்கத்திலிருந்து அறுந்தால் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். அந்தத் தெருவுக்குக் கம்பி வழியாக இணையம் தரும் நிறுவனம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆகவே அந்த ஒரு கம்பி போனால் அவர் வேலையும் போகும்.

2024 செப்டம்பர் 17, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபது. நியூ ஜெர்சி மருத்துவமனை ஒன்றில், மறுநாள் சிறிய அறுவைச் சிகிச்சை செய்யவிருந்த மூதாட்டியிடம் மருத்துவர் ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டார். தாமரைச்செல்வி கேள்வியைத் தமிழில் சொல்லி முடித்தார். மூதாட்டி வாயைத் திறந்தார். திரை அப்படியே நின்றுவிட்டது. உலாவியைத் திறந்து பார்த்தால், எந்தப் பக்கத்துக்குப் போனாலும் ஒரே அறிவிப்பு வந்தது: உங்கள் இணைப்பின் வழியாகக் காப்புரிமை மீறல் நடந்திருப்பதாகப் புகார் வந்துள்ளது, தொடர இந்தப் பொத்தானை அழுத்தி ஒப்புக்கொள்ளுங்கள்.

அவர் அழுத்தவில்லை. தெரியாத பக்கத்தில் எதையும் அழுத்தக் கூடாது என்பதை ஆண்டுதோறும் அவருடைய நிறுவனம் பயிற்சி வைத்துச் சொல்லிக்கொடுக்கிறது. மோடத்தை அணைத்துப் போட்டார். அதே பக்கம் வந்தது. மீண்டும் அணைத்துப் போட்டார். பதினான்கு நிமிடங்கள் கழித்து, கைபேசியில் இணைய நிறுவனத்தின் எண்ணைத் தேடி அழைத்து, அது உண்மையான அறிவிப்புதான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே பொத்தானை அழுத்தினார். அதற்குள் வேறொரு மொழிபெயர்ப்பாளர் அந்த மூதாட்டியிடம் போயிருந்தார். ஜூலையில் பெரில் புயல் வந்து மூன்று நாட்கள் மின்சாரம் போனபோது நிறுவனம் அதை இயற்கைச் சீற்றம் என்று விட்டுவிட்டது. இதை அப்படி விடவில்லை. ஓர் அறுந்த அழைப்பு அவர் பெயரில் பதிவானது.

மாலை ஆறு மணிக்குச் சேனாபதி வந்தார். எண்ணெய்க் குழாய்களின் அழுத்தத்தைக் கணக்கிடும் பொறியாளர். வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. தாமரைச்செல்வி அறிவிப்பைப் படம் எடுத்து வைத்திருந்தார்.

"இதப் பாருங்க. நெஜமாவே நம்ம இன்டர்நெட் கம்பெனிதானாம். நான் எவனோ ஏமாத்தறான், ஃபிஷிங்னுல்ல நெனச்சேன்."

"ஏன், அட்ரஸ் எல்லாம் கரெக்டாதான இருக்கு? உன் பேர் ஸ்பெல்லிங்கூட கரெக்ட்டு செல்வி."

"அதான் டவுட்டே வந்துச்சு. இந்த ஊர்ல என் பேர எவன் கரெக்டா எழுதியிருக்கான்?"

இணைப்பு வாங்கிய நாளிலேயே அந்த நிறுவனம் தாமரைச்செல்விக்கு ஒரு மின்னஞ்சல் பெட்டி கொடுத்திருந்தது. பதினோரு ஆண்டுகளில் அதை யாரும் திறந்து பார்க்கவில்லை. அன்று மாலை கடவுச்சொல்லை மாற்றித் திறந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரம் மடல்கள் படிக்கப்படாமல் கிடந்தன. பெரும்பாலும் விளம்பரங்கள். அவற்றுக்கிடையே ஒரே தலைப்பில் ஏழு மடல்கள் இருந்தன. முதலாவது 2023 நவம்பர்; கடைசியானது 2024 செப்டம்பர் 14. ஏழிலும் ஒரே தமிழ்ப் படத்தின் பெயர். திரைக்கு வந்து மூன்று ஆண்டுகளான படம். ஏழாவது மடலின் அடியில் கூடுதலாக ஒரு வரி இருந்தது: இனி ஒரு புகார் வந்தால் இணைப்பு நிறுத்தப்படும், கணக்கு மூடப்படவும் கூடும்.

"நீங்க ஏதாவது டவுன்லோட் பண்ணீங்களா?"

"செல்வி, நான் ஏதாவது டவுன்லோட் பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சு. எல்லா ஆப்புக்கும்தான் மாசாமாசம் அழுதுட்டிருக்கோமே, அப்புறம் எதுக்கு டவுன்லோட்?"

அவர் சொன்னது உண்மை. அந்தப் பேச்சைக் கேட்டு, பதினாறு வயது மகள் மாளவிகா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"டோன்ட் லுக் அட் மீ, அம்மா. ஐ டோன்ட் ஈவன் வாட்ச் தமிழ் மூவீஸ்."

"பாத்தாதான் பரவால்லையே. தமிழாவது வரும்" என்றார் சேனாபதி.

தாமரைச்செல்வி ஏழு மடல்களையும் அச்செடுத்தார். கைபேசியில் உள்ள நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தேதியாகப் பார்த்தார். அந்த வீட்டுக்கு விருந்தினர் வராத சனிக்கிழமை குறைவு. வருபவர்கள் செருப்பைக் கழற்றியதும் வைஃபை பாஸ்வேர்டைக் கேட்பார்கள். அது குளிர்பெட்டியின் கதவில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்கும். செப்டம்பர் 14, சனிக்கிழமை. அன்று மதியம் விருந்துக்கு வந்தவர்கள் இரண்டு தெரு தள்ளியிருக்கும் வசந்தாமணி குடும்பத்தினர். தாமரைச்செல்வியும் வசந்தாமணியும் பத்தாண்டுத் தோழிகள். கேட்டியில் தமிழ்ப் பள்ளியில் பக்கத்துப் பக்கத்து வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர்கள். ஆஸ்டினில் கல்லூரியில் படிக்கும் வசந்தாமணியின் மகள் அதிதி அன்று வந்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு மூன்று மணிநேரம் சோபாவில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். மற்ற ஆறு தேதிகளில் இரண்டில் அதிதி வரவே இல்லை என்பதையும் தாமரைச்செல்வி பார்த்தார். ஆனாலும் அன்றைய சோபாதான் கண்முன் நின்றது.

சீட்டைக் கிழித்துப் போட்டார். பாஸ்வேர்டை மாற்றினார். இனி வீட்டில் உள்ள மூவரைத் தவிர யாருக்கும் அது கிடையாது என்று முடிவு செய்தார்.

அக்டோபர் 5, சனிக்கிழமை இரவு, தமிழ்ப் பள்ளி ஆசிரியைகள் ஆறு பேர் ஆண்டு விழாவைப் பற்றிப் பேச அவர் வீட்டில் கூடினார்கள். வசந்தாமணி தன் தாயையும் அழைத்து வந்தார். தாராபுரத்திலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்த அந்த அம்மையாரின் கைபேசியில் இந்திய எண்தான் இருந்தது. வைஃபை உள்ள இடத்தில் மட்டுமே அவரால் ஊருக்குப் பேச முடியும். ஊரில் ஞாயிறு காலை எட்டு மணிக்கு இளைய மகளுக்கு வளைகாப்பு. இங்கே சரியாக இரவு ஒன்பதரைக்குக் காணொளியில் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"செல்வி, அம்மா போன்ல வைஃபை எடுக்க மாட்டேங்குதே?"

"மாத்திட்டோம் மணி."

"சரி, புதுசச் சொல்லு."

"இல்ல, இனிமே யாருக்கும் குடுக்கறதில்லன்னு வச்சிருக்கோம். ஆபீஸ் ரூல்."

"ஆபீஸ் ரூலா? எங்கம்மா வளைகாப்பு பாக்கறதுக்கு உன் ஆபீஸ்ல அப்ரூவல் வாங்கணுமா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். தாமரைச்செல்வி சிரிக்கவில்லை. "என் போன்ல ஹாட்ஸ்பாட் ஆன் பண்ணித் தரேன் மணி" என்றார்.

"வேணாம்மா. அடுத்த வாரம் தண்ணி கேட்டா கிரீன் கார்டு காட்டுன்னு சொல்லுவ." வசந்தாமணி அதையும் சிரித்தபடிதான் சொன்னார். பிறகு தோழியின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "உண்மையச் சொல்லு. எங்க வீட்டு ஆளுங்க ஏதாவது பண்ணிட்டாங்களா?"

தாமரைச்செல்வி சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பதில் சொல்லாமலிருந்திருக்கலாம். "அன்னிக்கு அதிதி லேப்டாப்ல என்ன பண்ணிட்டிருந்தா மணி?" என்று கேட்டுவிட்டார்.

"ஆர்கானிக் கெமிஸ்ட்ரி" என்றார் வசந்தாமணி. "மிட்டெர்ம் எக்ஸாம் இருந்துச்சு. ஏன்?"

தாமரைச்செல்வி காரணத்தைச் சொன்னதும் வசந்தாமணி எழுந்தார். கைப்பையை எடுத்தார். மடியில் கைபேசியை வைத்துக்கொண்டு காத்திருந்த தாயிடம், "வாம்மா, கார்ல உக்காந்து பேசலாம்" என்றார். வீட்டு வாசலில் நின்ற காரில் வசந்தாமணியின் கைபேசியிலிருந்து இணைப்பு வாங்கி இருவரும் வளைகாப்பைப் பார்த்தார்கள். வளைகாப்பு முடிந்தபின் உள்ளே வராமலேயே போய்விட்டார்கள். விழா நிகழ்ச்சிகளின் வரிசை அன்று முடிவாகவில்லை.

நான்கு நாட்கள் கழித்து, அக்டோபர் 9 புதன்கிழமை காலை பத்து மணிக்கு, மோடத்தின் வெள்ளை விளக்கு ஆரஞ்சு நிறத்துக்கு மாறியது. இந்த முறை அழுத்துவதற்குப் பொத்தான் கூட இல்லை. எட்டாவது புகார் வந்துள்ளது, இணைப்பு நிறுத்தப்பட்டுள்ளது, பாதுகாப்புப் பிரிவை அழைக்கவும் என்று மட்டும் இருந்தது. மீறல் நடந்த நேரம் அதற்கு முந்தைய நாள், செவ்வாய்க்கிழமை. படம் அதே படம். அன்று பிற்பகல் இரண்டு மணிக்குத் தாமரைச்செல்வியின் வேலை நேரம் தொடங்கவிருந்தது.

சேனாபதி அன்று வீட்டில் இருந்தார். தாமரைச்செல்வி மோடத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாஸ்வேர்ட் மாத்தியாச்சு. சனிக்கெழமைக்கு அப்புறம் ஒரு ஆள் வரல. நேத்து மாளவிகா ஸ்கூல், நீங்க ஆபீஸ், நான் மட்டும்தான் வீட்ல. அப்ப நானா பண்ணேன்?"

"பக்கத்து வீட்டுக்காரன் யாராச்சும் ஹேக் பண்றானோ என்னவோ."

தாமரைச்செல்வி மோடத்தின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று கம்பிகள் கிளம்பின. ஒன்று தொலைக்காட்சிக்குப் போனது. இன்னொன்று அவருடைய அறைக்கு. மூன்றாவது சுவரோரமாக ஓடி மாடிக்கு ஏறியது.

"இது எங்க போகுது?"

"அதுவா? மீடியா ரூம் அலமாரில என் பழைய சிஸ்டம் இருக்குல்ல, அதுக்கு."

"அது ஓடிட்டா இருக்கு?"

"ஓடும். ஆனா அது எதுவும் எடுக்காது செல்வி. குடுக்க மட்டும்தான் செய்யும்."

சொல்லி முடித்த பிறகும் அவருக்கு அது உறைக்கவில்லை. மனைவி எழுந்து நின்று தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்ட பிறகுதான் "ஏன்?" என்று கேட்டார்.

இருவரும் மாடிக்குப் போனார்கள். அலமாரியில், பழைய போர்வைகளுக்குக் கீழே கறுப்புக் கணினி ஒன்று மெல்ல இரைந்துகொண்டிருந்தது. திரையைப் பொருத்தி ஒளிரச் செய்தார் சேனாபதி. டோரண்ட் நிரலின் பட்டியலில் ஒரே வரிதான் இருந்தது. அந்தப் படம் 2022 ஏப்ரல் 16 அன்று ஒருமுறை இறங்கியிருந்தது. அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து ஆயிரத்து நூற்று நாற்பது மடங்கு வெளியே போயிருந்தது.

2022இல் சேனாபதி தங்கள் குடியிருப்பின் கிளப் ஹவுஸில், சனிக்கிழமை மதியங்களில், ஊரிலிருந்து வந்து பொழுதுபோகாமல் இருந்த பெற்றோர்களுக்காகப் படம் போட்டார். நான்கு மாதங்களில் அது நின்றுவிட்டது. பிறகு அவரவர் வீட்டில் அவரவர் தொலைக்காட்சியிலேயே எல்லாம் வரத் தொடங்கியது. மற்ற படங்களை அவர் அழித்துவிட்டார். கடைசியாக இறக்கிய இந்தப் படத்தை மட்டும் விட்டுவைத்தார். டோரண்டில் ஒரு படம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. அதை வைத்திருக்கும் பலருடைய கணினிகளிலிருந்து துண்டு துண்டாக வந்து சேர்கிறது. வாங்கியவர் நிரலைத் திறந்தபடியே வைத்திருந்தால், அவருடைய கணினியும் அடுத்தவருக்குக் கொடுக்கத் தொடங்கும். பெரும்பாலானவர்கள் படம் இறங்கியதும் மூடிவிடுவார்கள். சேனாபதி மூடவில்லை. மின்சாரம் போய் வந்தாலும் தானாகவே மீண்டும் இயங்கும்படி அமைத்து, அலமாரியில் வைத்துவிட்டார். புயலில் நின்றுபோன அந்தக் கணினி, நான்காம் நாள் வீட்டில் விளக்கு எரிந்ததும், யாரும் தொடாமலே தன் வேலையைத் தொடர்ந்தது.

"எதுக்குங்க இப்படி வச்சீங்க?"

"என்ன கேள்வி இது? முதல் பந்தில உக்காந்து சாப்ட்டுட்டு, ரெண்டாவது பந்திக்குப் பரிமாறாம கைய கழுவிட்டு ஓடறவன என்னன்னு சொல்லுவ? எவனோ எனக்குக் குடுத்தான். நான் நாலு பேருக்குக் குடுக்கணுமா இல்லையா?"

அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாகக் கோயில் அன்னதானக் குழுவில் இருப்பவர் சேனாபதி. எல்லோரும் சாப்பிட்ட பிறகே இலையில் உட்காருவார். எடுப்பதைத்தான் நிறுவனங்கள் குற்றம் என்கின்றன என்று அவர் நம்பியிருந்தார். கொடுப்பதும் அந்தக் கணக்கில் வரும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. உண்மை நேர்மாறானது. படத்துக்கு உரிமை பெற்றவர்களின் சார்பில் கண்காணிப்பவர்கள், படத்தைக் கேட்பவர்களைப் போலவே வரிசையில் வந்து நிற்கிறார்கள். தங்களுக்குத் துண்டு கொடுக்கும் இணைப்பு எதுவோ அதன் எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள். இறக்கிக்கொண்டு உடனே மூடியவர் அவர்கள் கண்ணில் படுவது அரிது. இரண்டரை ஆண்டுகளாகக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்த வீடு எட்டு முறை அவர்கள் கண்ணில் பட்டது.

"அந்தப் படம் எடுத்தவன் உங்கள பந்திக்குக் கூப்ட்டானா?" என்றார் தாமரைச்செல்வி. "அவன் வீட்டுச் சோத்த எடுத்துல்ல ஆயிரம் பேருக்குப் போட்டிருக்கீங்க. பில்லு என் பேர்ல."

சேனாபதி குனிந்து மின்கம்பியைப் பிடுங்கினார். இரைச்சல் அடங்கியது. பிறகு மாடிக்கு வந்த இணையக் கம்பியையும் சுருட்டினார். படியிறங்கும்போது ஒரு வழி சொன்னார்.

"ஈசி செல்வி. இந்த அக்கவுன்ட்ட க்ளோஸ் பண்ணிடு. நான் என் பேர்ல புதுசு ஒண்ணு எடுத்துடறேன். ஆபீஸ்ல நெறைய பேர் இப்படித்தான் பண்றாங்க."

"எப்ப வந்து கனெக்ஷன் குடுப்பான்?"

கைபேசியில் பார்த்தார். "அக்டோபர் பதினெட்டு."

"ஒம்பது நாள் நான் என்ன பண்றது? புது லைன்னா எங்க கம்பெனி மறுபடியும் செக் பண்ணணும். அதுவும் இல்லாம, என் பேர்ல க்ளோஸ் ஆச்சுன்னா அது என் பேர்லதான நிக்கும்? பண்ணது நீங்க."

பத்தே முக்காலுக்குப் பாதுகாப்புப் பிரிவை அழைத்தார்கள். தவறு தன்னுடையது என்பதால் தானே பேசுவதாகச் சொல்லிச் சேனாபதி கைபேசியை வாங்கிக்கொண்டார். மறுமுனையில் பேசிய பெண் மிகப் பணிவாக, கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் மட்டுமே பேச முடியும் என்றார். தான் கணவர் என்றார் சேனாபதி. கணக்கில் அவர் பெயர் இல்லையே என்றார் அந்தப் பெண்.

சேனாபதி ஒலிவாங்கியைக் கையால் மூடினார். "என்ன செல்வி, நான் யாருமே இல்லையாம்!"

"பதினோரு வருஷம் பேங்க்ல, லைசென்ஸ் ஆபீஸ்ல எல்லாம் நான் கேட்ட டயலாக்குங்க அது. குடுங்க இப்படி."

அந்தப் பெண் கேட்டவை குறைவு. மீறல் நடந்த கருவி எது என்று தெரிந்ததா? அது இப்போது துண்டிக்கப்பட்டதா? யார் இயக்கியது? மூன்றாவது கேள்விக்கு முன் சேனாபதி ஒரு தாளில் 'கெஸ்ட்' என்று எழுதிக் காட்டினார். தாமரைச்செல்வி அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தார். பேச்சில் எதுவும் முடிவாகவில்லை. நடந்தவற்றையும் எடுத்த நடவடிக்கையையும் எழுத்தில் அனுப்ப வேண்டும், மேலாளர் படித்த பிறகு இணைப்பைத் திறப்பதா கணக்கை மூடுவதா என்று சொல்வோம் என்றார் அந்தப் பெண். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டதற்கு, சில மணிநேரமும் ஆகலாம், சில நாட்களும் ஆகலாம் என்றார்.

தாமரைச்செல்வி சமையலறை மேசையில் உட்கார்ந்து கைபேசியிலேயே எழுதினார். கேட்டதை விடவும் கூடாது, கேட்காததைச் சேர்க்கவும் கூடாது என்று ஏழு ஆண்டுகளாகப் பழகிய கை. பதினோரு வரிகள் வந்தன. சேனாபதி தோளுக்கு மேலிருந்து படித்தார்.

"'மை ஹஸ்பண்ட்'னு போடணுமா? 'அ ஃபேமிலி மெம்பர்'னு போட்டாப் போதாதா?"

"ஃபேமிலி மெம்பர்னா இந்த வீட்ல மூணு பேர். மாளவிகாவா, நானா, நீங்களான்னு அவன் எப்படித் தெரிஞ்சிக்குவான்?"

"ஃபைன், கேஸ்னு எதாச்சும் வந்தா?"

"வந்தா வரட்டும். போன வாரம் அதிதிமேல சொன்னேன். இன்னிக்குப் பக்கத்து வீட்டுக்காரன்மேல நீங்க சொன்னீங்க. இன்னும் யார்மேல சொல்லணும்?"

சேனாபதி மடலை மீண்டும் ஒருமுறை படித்தார். பிறகு, "கணினியின் நினைவகத்தை அழித்துவிட்டோம்" என்பதையும் சேர்க்கச் சொன்னார். "அழிச்சிட்டீங்களா?" என்று கேட்டார் தாமரைச்செல்வி. இல்லை என்றதும், போய் அழித்துவிட்டு வந்து சொல்லச் சொன்னார். இருபத்தைந்து நிமிடங்கள் கழித்து அவர் இறங்கிவந்த பிறகுதான் பன்னிரண்டாவது வரி சேர்ந்தது. பதினொன்று ஐம்பதுக்கு மடல் போனது. இரண்டு மணிக்குள் இணைப்பு வராமல் போகக்கூடும் என்று தன் நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளருக்கும் ஒரு வரி அனுப்பினார். அந்த வேலை நேரம் தவறினால் அது இரண்டாவது பதிவாகும்.

காத்திருந்த நேரத்தில் வசந்தாமணியை அழைத்தார். மூன்றாவது முறைதான் அவர் எடுத்தார்.

"சொல்லுங்க மேடம். எங்க வீட்ல ரெய்டு வரப் போகுதா?"

"மணி, அதிதி இல்ல. எங்க வீட்டுக்காரர்."

"சேனாபதி அண்ணனா?"

"ஆமா. அலமாரில ஒரு கம்ப்யூட்டர வச்சு ஆயிரத்து நூறு பேருக்குப் படம் காட்டியிருக்கார்."

வசந்தாமணிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் முழுதாகச் சிரிக்கவில்லை. "என்னைக் கேட்டிருந்தா பரவால்ல செல்வி. என் பொண்ணக் கேட்டுட்ட. அவ இன்னும் ஒரு வாரத்துல வரா. நீயே அவகிட்ட சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

"சொல்றேன்."

"அம்மாகிட்டயும். வளைகாப்ப ஹோண்டா கார்ல பாத்த ஒரே பாட்டி இவங்கதான்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்காங்க."

"இன்னிக்கு சாயங்காலம் வரேன் மணி."

"இன்னிக்கு வேணாம். ஞாயித்துக்கெழமை வா" என்று சொல்லி வசந்தாமணி வைத்துவிட்டார்.

பன்னிரண்டரை ஆனது. ஒன்று ஆனது. சேனாபதி தயிர்சாதம் கலந்து கொண்டுவந்து வைத்தார். தாமரைச்செல்வி பாதி சாப்பிட்டார். ஆரஞ்சு விளக்கு மாறவில்லை. ஒன்றே காலுக்கு அவர் தன் அறைக்குள் போய், வழக்கம்போல் கணினியை இயக்கி, காதில் மாட்டும் ஹெட்போனைத் துடைத்து, குறிப்பேட்டில் தேதியை எழுதி வைத்துவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தார்.

ஒன்று முப்பத்தெட்டுக்கு விளக்கு இரண்டு முறை அணைந்து அணைந்து எரிந்து வெள்ளையானது. அடுத்த நிமிடம் பதில் மடல் வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது. கருவி துண்டிக்கப்பட்டதால் இணைப்பு திறக்கப்படுகிறது. எட்டு புகார்களும் அவருடைய பெயரில் பன்னிரண்டு மாதங்கள் பதிவில் இருக்கும். அதற்குள் இன்னொன்று வந்தால் விளக்கம் கேட்காமலே கணக்கு மூடப்படும். அப்படி மூடப்பட்டால் அந்த முகவரிக்கு ஓராண்டு வரை யார் பெயரிலும் புதிய இணைப்பு தரப்படாது.

"யார் பெயரிலும்" என்ற சொற்களைச் சேனாபதி இரண்டு முறை படித்தார்.

"அந்தப் பொட்டிய என்ன பண்ணட்டும்?" என்று கேட்டார்.

"ரீசைக்கிள் சென்டர் ஆறு மணி வரைக்கும் தெறந்திருக்கும்" என்றார் தாமரைச்செல்வி.

சேனாபதி கணினியைத் தூக்கிக்கொண்டு கராஜ் பக்கம் போனார். தாமரைச்செல்வி அறைக்குள் சென்று கதவைச் சாத்தினார். சரியாக இரண்டு மணிக்குத் திரையில் பச்சை நிறம் தோன்றியது. அழைப்பு கலிபோர்னியாவில், பிளசன்டனில் உள்ள ஒரு கண் மருத்துவமனையிலிருந்து வந்தது. மேல்சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடிக் கூட்டைச் செருகியிருந்த முதியவர் ஒருவரும் அவருக்குப் பின்னால் அவர் மகனும் தெரிந்தார்கள். கண் மங்கலாகத் தெரிவது எப்போதிலிருந்து என்று மருத்துவர் கேட்டார்.

"நேத்துலருந்துதான்" என்றார் முதியவர். "ஆனா போன மாசமும் ரெண்டு நாள் இருந்துச்சும்மா. இவன் கவலைப்படுவான்னு சொல்லல."

மகன் தலையை உயர்த்தித் தந்தையைப் பார்த்தான். தாமரைச்செல்வி மருத்துவரிடம் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார்.